பட்டைத் தாயம் பிழைக்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

கொழும்பில் தமிழ் மொழிமூலம் உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளுக்குத் தாயம் புதிது இல்லை. சாதாரண தரத்திலேயே அதைக் கூட்டிக் கழித்துப் பெருக்கிப் பழகிவிடுகிறார்கள். அப்புறம் எண்சார் பகுப்பாய்வுப் பாடம் தொடங்குகிறது. மூலைவிட்டம், மேல் மூலைவிட்டம், பட்டை, பட்டை அகலம், மும்மூலைவிட்டம் என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஒப்படையில் விடை பிழைத்தால் எல்லோரும் கணக்கைத்தான் முதலில் சந்தேகிக்கிறார்கள். நான் சொல்லிக்கொடுத்துப் பார்த்த அளவில், இந்தப் பகுதியில் பிழை பெரும்பாலும் பெயரிலேயே ஒளிந்திருக்கிறது. பாடநூல் ஒரு பொருளில் சொன்ன சொல்லை மென்பொருள் இன்னொரு பொருளில் எடுத்துக்கொள்கிறது. மாணவர் நடுவில் மாட்டிக்கொள்கிறார். அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம், ஆனால் அடுத்து வரும் சிறு பகுதியை மட்டும் தயவுசெய்து தாண்டவேண்டாம்.

சொற்கள் நம் பாடநூல் சொற்களே. தமிழ்நாட்டில் படித்தவர்கள் தாயம் என்ற இடத்தில் அணி என்றும், துணிகோவை என்ற இடத்தில் அணிக்கோவை என்றும் வாசித்துக்கொள்ளுங்கள்.

எதற்கும் முன்னால் ஒரு கழித்தல்

தாயத்தின் எந்த மூலகத்தை எடுத்தாலும் அது நிற்கும் நிரல் எண்ணிலிருந்து நிரை எண்ணைக் கழியுங்கள். கிடைப்பதை மூலைவிட்ட எண் என்று வைத்துக்கொள்வோம். 5×5 தாயத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் இந்த எண் இப்படி வரும்:

0 | 1 | 2 | 3 | 4
−1 | 0 | 1 | 2 | 3
−2 | −1 | 0 | 1 | 2
−3 | −2 | −1 | 0 | 1
−4 | −3 | −2 | −1 | 0

0 வரும் இடங்கள் முதன்மை மூலைவிட்டம். 1 வருபவை முதலாவது மேல் மூலைவிட்டம், −1 வருபவை முதலாவது கீழ் மூலைவிட்டம். இதைக் கொப்பியின் உள்ளட்டையில் எழுதிவையுங்கள். இனி வரும் பெயர்கள் எல்லாமே இந்தச் சதுரத்திலிருந்து பிறக்கின்றன.

எண் 0 உள்ள இடங்களில் மட்டும் பெறுமானம் இருக்கலாம் என்றால் மூலைவிட்டத் தாயம். 0 உம் 1 உம் என்றால் மேல் இருமூலைவிட்டத் தாயம். −1 முதல் 1 வரை என்றால் மும்மூலைவிட்டத் தாயம், −2 முதல் 2 வரை என்றால் ஐம்மூலைவிட்டத் தாயம். 0 உம் அதற்கு மேற்பட்ட எல்லாமும் என்றால் மேல் முக்கோணத் தாயம். −1 உம் அதற்கு மேற்பட்ட எல்லாமும் என்றால் மேல் ஹெசன்பர்க் தாயம். பொதுவாகக் கீழே இத்தனை, மேலே இத்தனை என்று எல்லை போட்டு, அதற்கு வெளியே முழுவதும் பூச்சியம் என்றால் அது பட்டைத் தாயம்.

"இருக்கலாம்" என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். இந்தப் பெயர்கள் எந்த இடத்தில் பூச்சியம் அல்லாதது வர அனுமதி உண்டு என்று மட்டுமே சொல்கின்றன. அனுமதி உள்ள இடத்திலும் பூச்சியம் வரலாம், அதனால் பெயர் கெட்டுப்போகாது.

அறிகுறி: மூலைவிட்டத்தில் பூச்சியம் இருக்கிறது, இது மூலைவிட்டத் தாயமா என்று சந்தேகம்

ஆம், மூலைவிட்டத் தாயம்தான். நிபந்தனை மூலைவிட்டத்துக்கு வெளியே இருப்பவற்றுக்குத்தான். 4, 0, 7 என்று மூலைவிட்டத்தில் நிற்கும் 3×3 தாயம் மூலைவிட்டத் தாயம். முழுப் பூச்சியத் தாயமும் அப்படியே. ஒரே ஒரு விளைவு: மூலைவிட்டத்தில் ஒரு பூச்சியம் வந்தாலே துணிகோவை பூச்சியம், நேர்மாறு கிடையாது.

இதே காரணத்தால் மூலைவிட்டத் தாயம் ஒன்றை மும்மூலைவிட்டத் தாயம் என்றும், மேல் முக்கோணத் தாயம் என்றும் சொல்வது சரியே. பரீட்சையில் "மேல் முக்கோணமாகவும் கீழ் முக்கோணமாகவும் இருக்கும் தாயம் எது" என்று கேட்டால் விடை மூலைவிட்டத் தாயம்.

சதுரமாக இல்லாத தாயத்தையும் மூலைவிட்டம் என்று சொல்வதைப் பார்த்துக் குழம்பவேண்டாம். ஒரு தாயத்தை மூன்று தாயங்களின் பெருக்கமாக எழுதும் தனிப்பெறுமானப் பிரிப்பில் நடுவில் வரும் தாயம் 3×2 ஆகக்கூட இருக்கலாம். கழித்தல் விதி அங்கேயும் அப்படியே வேலை செய்யும்.

அறிகுறி: வலது மேல் மூலையிலிருந்து இடது கீழ் மூலைக்குப் போகும் கோட்டில் எண்கள், ஆனால் விதிகள் ஒத்துவரவில்லை

அது எதிர் மூலைவிட்டம். அந்தக் கோட்டில் நிரை எண்ணையும் நிரல் எண்ணையும் கூட்டினால்தான் மாறாத எண் வரும், கழித்தால் வராது. துணிகோவைக்கு அந்தக் கோட்டின் எண்களைப் பெருக்கலாம், ஆனால் குறியைப் பார்க்கவேண்டும்: 2×2, 3×3 இல் பெருக்கத்தின் குறி மாறும், 4×4, 5×5 இல் மாறாது.

அறிகுறி: பட்டை அகலம் 1 என்கிறது ஒரு நூல், 3 என்கிறது இன்னொரு நூல்

இந்தப் பகுதியில்தான் நான் கொஞ்சம் நின்று பேசப்போகிறேன். அதிகமான ஆட்கள் விழும் பள்ளம் இது.

மும்மூலைவிட்டத் தாயம் ஒன்றை எடுங்கள். அதற்குக் கீழே ஒரு மூலைவிட்டம், மேலே ஒரு மூலைவிட்டம், நடுவில் முதன்மை. இதன் பட்டை அகலம் எவ்வளவு?

சிலர் முதன்மையிலிருந்து ஒரு பக்கம் எவ்வளவு தூரம் போகிறது என்று மட்டும் பார்ப்பார்கள். கீழ்ப் பட்டை அகலம் 1, மேல் பட்டை அகலம் 1, இரண்டில் பெரியது 1, ஆகவே பட்டை அகலம் 1. இந்தக் கணக்கில் மூலைவிட்டத் தாயத்தின் பட்டை அகலம் 0.

வேறு சிலர் பட்டைக்குள் எத்தனை மூலைவிட்டங்கள் அடங்குகின்றன என்று எண்ணுவார்கள். கீழே 1, மேலே 1, முதன்மை 1, மொத்தம் 3. இந்தக் கணக்கில் மூலைவிட்டத் தாயத்தின் பட்டை அகலம் 1.

மூன்றாவது வழக்கம் குடிசார் பொறியியல் படிப்பவர்களுக்கு வரும். முடிவுறு மூலக முறையில் அரைப் பட்டை அகலம் என்று சொல்லும்போது முதன்மை மூலைவிட்டத்தையும் சேர்த்தே எண்ணுவது வழக்கம். அதன்படி மும்மூலைவிட்டத்துக்கு 2. அங்கே பயன்படும் சூத்திரமும் அந்த 1 ஐ உள்ளே வைத்திருக்கிறது: ஒரு மூலகத்தில் (இங்கே மூலகம் என்பது கட்டமைப்பின் ஒரு துண்டு, தாயத்தின் மூலகம் அல்ல) சேரும் கணுக்களின் எண்களுக்கு இடையிலான ஆகக் கூடிய வித்தியாசத்துடன் 1 ஐக் கூட்டி, ஒரு கணுவுக்கு எத்தனை சுயாதீன அசைவுகளோ அதால் பெருக்குவது. சமதளத்துக் கட்டமைப்பில் வித்தியாசம் 3, கணுவுக்கு அசைவு 2 என்றால் (3 + 1) × 2 = 8.

ஆக ஒரே தாயத்துக்கு 1, 2, 3 என்று மூன்று விடைகள். மூன்றுமே தத்தம் வரைவிலக்கணத்தில் சரி. இதில் எது "உண்மையான" பட்டை அகலம் என்று சண்டை பிடிப்பதில் பயன் இல்லை.

செய்யவேண்டியது இதுதான்: பட்டை அகலம் என்ற ஒற்றை எண்ணை நம்பி எதையும் எழுதாதீர்கள். கீழே எத்தனை, மேலே எத்தனை என்று இரண்டு எண்களாக எழுதுங்கள். "கீழ் 1, மேல் 1" என்றால் யாருக்கும் மயக்கம் வராது. "கீழ் 2, மேல் 1" போன்ற சமச்சீரற்ற பட்டைக்கு இந்த இரண்டு எண்களும் இல்லாமல் வேலையே நடக்காது. ஒப்படையில் ஒற்றை எண்தான் கேட்கிறார்கள் என்றால் விடைக்கு மேலே உங்கள் வரைவிலக்கணத்தை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். நூல் வாசிக்கும்போது, அதன் ஆசிரியர் மூலைவிட்டத் தாயத்துக்கு என்ன அகலம் தருகிறார் என்று தேடிப் பாருங்கள். 0 என்றால் முதல் வழக்கம். 1 என்றால் முதன்மையையும் சேர்த்து எண்ணுகிறார். அது மொத்தமா அரைப் பட்டையா என்று மும்மூலைவிட்டத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அறிகுறி: எண்ணிப் பார்த்தால் 5 மூலைவிட்டங்கள்தான், ஐம்மூலைவிட்டக் கட்டளை பிழையான விடை தருகிறது

இது பெரும்பாலும் இரு பரிமாண வெப்பக் கடத்தல் ஒப்படையில் வரும். உள்ளே 10×10 புள்ளிகள் கொண்ட சதுர வலை என்று வையுங்கள். தெரியாக் கணியங்கள் 100, தாயம் 100×100. ஒவ்வொரு புள்ளியும் தன் இடம், வலம், மேல், கீழ் அயல்களுடன் மட்டும் தொடர்பு. நிரை நிரையாக இலக்கமிட்டால் இடமும் வலமும் 1 எண் தள்ளி இருக்கும், மேலும் கீழும் 10 எண் தள்ளி இருக்கும். ஆகவே மூலைவிட்ட எண்கள் −10, −1, 0, 1, 10. ஐந்துதான். ஆனால் ஐம்மூலைவிட்டத் தாயம் என்றால் −2, −1, 0, 1, 2 என்று ஒட்டி நிற்கும் ஐந்து. உங்களுடையது கீழ் 10, மேல் 10 உள்ள பட்டை; பட்டைக்குள் அடங்கும் மூலைவிட்டங்கள் 21, அவற்றில் 16 வெறுமை.

"வெறுமையாக இருப்பதை ஏன் எண்ணவேண்டும்" என்று கேட்பார்கள். நீக்கல் முறை தொடங்கியதும் அந்த வெறும் இடங்கள் நிரம்ப ஆரம்பிக்கும், அதனால்தான். நிரை மாற்றாமல் நீக்கினால் பட்டைக்கு வெளியே எதுவும் வராது, உள்ளே வரும்.

இன்னொரு நுணுக்கம்: இந்தத் தாயத்தில் மூலைவிட்டம் 1 முழுவதும் −1 என்று நிரப்பிவிடாதீர்கள். 10 ஆம் புள்ளி வலையின் ஒரு நிரை முடியும் இடம், 11 ஆம் புள்ளி அடுத்த நிரையின் தொடக்கம். அவை அயல்கள் அல்ல. அங்கே பூச்சியம் வரவேண்டும், அதேபோல 20 க்கும் 21 க்கும் இடையில், 30 க்கும் 31 க்கும் இடையில். விடையின் வரைபடம் ஓரங்களில் சாய்ந்து தெரிந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

அறிகுறி: தாயம் ஐதானது, ஆனால் பட்டை எங்கே என்று தெரியவில்லை

ஐதான தாயம் என்றால் பூச்சியம் அல்லாதவை குறைவு, அவ்வளவுதான். அவை எங்கே நிற்கின்றன என்று அந்தப் பெயர் சொல்லாது. பட்டை என்பது இடத்தைப் பற்றியது. இடம் நீங்கள் இலக்கமிடும் ஒழுங்கைப் பொறுத்தது.

கரையோர ரயில் பாதையில் ஐந்து நிலையங்களை எடுங்கள்: கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை. பாதையில் வரும் ஒழுங்கிலேயே 1 முதல் 5 வரை இலக்கமிட்டு, அடுத்தடுத்த நிலையங்களுக்கு மட்டும் தாயத்தில் ஓர் எண் போட்டால் மும்மூலைவிட்டத் தாயம் கிடைக்கும். இப்போது அதே ஐந்தையும் அகர வரிசையில் இலக்கமிடுங்கள்: கல்கிசை 1, கொள்ளுப்பிட்டி 2, தெஹிவளை 3, பம்பலப்பிட்டி 4, வெள்ளவத்தை 5. கொள்ளுப்பிட்டியும் பம்பலப்பிட்டியும் 2 எண் தள்ளிப் போய்விட்டன. வெள்ளவத்தையும் தெஹிவளையும் அப்படியே, தெஹிவளையும் கல்கிசையும் அப்படியே. பாதை மாறவில்லை, தண்டவாளம் மாறவில்லை, பட்டை மட்டும் கீழ் 2, மேல் 2 ஆகிவிட்டது. ஐந்து நிலையத்தில் இது சிறிய விஷயம். ஆயிரக்கணக்கான கணுக்கள் உள்ள கட்டமைப்பில் கண்டபடி இலக்கமிட்டால் பட்டை கிட்டத்தட்ட முழுத் தாயத்தையும் விழுங்கிவிடும்.

இதற்காகவே எலிசபெத் கத்ஹில், ஜேம்ஸ் மக்கீ இருவரும் 1969 இல் ஓர் இலக்கமிடும் முறையைத் தந்தார்கள். குறைந்த தொடர்புள்ள ஒரு கணுவில் தொடங்கி, அதன் அயல்கள், அவற்றின் அயல்கள் என்று அலை அலையாக இலக்கமிட்டுப் போவது. அதன் தலைகீழ் ஒழுங்கு இன்று மட்லாப் மென்பொருள், பைதன் மொழியின் கணிப்பு நூலகமான சைபை இரண்டிலும் ஆயத்தமாக இருக்கிறது. ஆகச் சிறிய பட்டையை உறுதியாகக் கண்டுபிடிப்பது பொது நிலையில் மிகக் கடினமான பிரச்சினை என்று 1976 இல் பாப்பாடிமிட்ரியூ நிறுவினார். ஆகவே இந்த முறை தருவது நல்ல பட்டை, ஆகச் சிறந்த பட்டை என்ற உத்தரவாதம் இல்லை. வேலைக்கு அது போதும்.

அறிகுறி: மும்மூலைவிட்டம்தான், ஆனால் மூலைகளில் இரண்டு எண்கள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன

எல்லையில் சுற்றி வரும் நிபந்தனை போட்டிருக்கிறீர்கள். கடைசிப் புள்ளியின் அயல் முதல் புள்ளி. 5×5 இல் அந்த இரண்டு மூலைகளின் எண்கள் 4 உம் −4 உம். ஆகவே கண்டிப்பாகச் சொன்னால் இது மும்மூலைவிட்டம் அல்ல, சுழல் மும்மூலைவிட்டம். வழக்கமான மும்மூலைவிட்டக் கட்டளைக்குக் கொடுத்தால் அது மூலைகளைப் பார்க்கவே பார்க்காது. பிழைச் செய்தியும் வராது. ஷெர்மன்–மொரிசன் சூத்திரத்தால் மூலைகளைத் தனியே பிரித்து, மும்மூலைவிட்டத் தொகுதியை இரண்டு தடவை தீர்த்து விடையைச் சேர்ப்பது வழி.

அறிகுறி: பிழைச் செய்தி இல்லை, விடை மட்டும் பிழை

பட்டைச் சேமிப்பு. இது இரண்டாவது பெரிய பள்ளம். இங்கேயும் பொறுமையாகப் போவோம்.

இந்தத் தாயத்தைப் பாருங்கள்:

10 | 2 | 0 | 0
3 | 11 | 4 | 0
0 | 5 | 12 | 6
0 | 0 | 7 | 13

மேல் மூலைவிட்டம் 2, 4, 6. முதன்மை 10, 11, 12, 13. கீழ் 3, 5, 7. மென்பொருள்கள் பூச்சியங்களை விட்டுவிட்டு மூன்று நிரைகளாக இதைக் கேட்கும். மேலும் கீழும் மூன்று எண்கள், நடுவில் நான்கு. ஒரு வெறும் பெட்டி எங்கே வரவேண்டும்? சைபையும், தாயக் கணிப்பு நூலகமான லாபேக்கும் எதிர்பார்ப்பது இது (உடுக்குறி என்றால் வெறுமை):

* | 2 | 4 | 6
10 | 11 | 12 | 13
3 | 5 | 7 | *

மேல் மூலைவிட்டத்துக்கு வெறுமை முன்னால், கீழ் மூலைவிட்டத்துக்குப் பின்னால். ஏன் இப்படி என்று தெரிந்தால் மறக்காது: ஒவ்வொரு எண்ணும் தான் மூலத் தாயத்தில் இருந்த நிரலிலேயே நிற்கிறது, மேலே கீழே மட்டும் நகர்ந்திருக்கிறது. மூலத் தாயத்தின் 2 ஆம் நிரலில் 2, 11, 5 இருந்தன. சேமிப்பின் 2 ஆம் நிரலிலும் அவையே.

மாணவர்கள் வழக்கமாக 2, 4, 6, வெறுமை என்று எழுதிவிடுவார்கள். அப்போது கட்டளை முதல் பெட்டியில் இருக்கும் 2 ஐக் கணக்கில் எடுக்காது. 2 இருக்கவேண்டிய இடத்தில் 4, 4 இருக்கவேண்டிய இடத்தில் 6 என்று வாசித்துக்கொண்டு, சிரத்தையாக வேறு ஒரு தாயத்தைத் தீர்த்துத் தரும். விடையை மூலத் தாயத்தால் பெருக்கி வலப்பக்கத்துடன் ஒப்பிடும் பழக்கம் இருந்தால் இது உடனே அகப்படும். சிறிய 4×4 எடுத்துக்காட்டு ஒன்றில் ஒவ்வோர் எண்ணும் வேறுவேறாக இருக்கும்படி வைத்துச் சோதியுங்கள். வெறும் பெட்டி உட்பட எல்லா இடத்திலும் −1 போட்டுச் சோதித்தால் இடம் மாறினாலும் தெரியாது. பிறகு சொந்தத் தரவு போடும்போதுதான் சரியும்.

இதன் உறவுக்காரப் பிழைகள் சில.

கீழ், மேல் எண்ணிக்கைகளை மாற்றிக் கொடுப்பது. சைபையின் பட்டைத் தீர்வுக் கட்டளை முதலில் கீழ், பிறகு மேல் என்ற ஒழுங்கில் கேட்கிறது. இரண்டும் 1 என்றால் பிரச்சினை வராது. கீழ் 2, மேல் 1 என்றால் முதன்மை மூலைவிட்டம் என்று வேறு நிரையை எடுத்துக்கொள்ளும்.

சமச்சீர்ப் பட்டைக்கான கட்டளைக்கு மூன்று நிரைகளையும் கொடுப்பது. அது மேல் பாதியை மட்டும் கேட்கிறது: மும்மூலைவிட்டத்துக்கு இரண்டு நிரைகள், மேல் மூலைவிட்டமும் முதன்மையும். மூன்று கொடுத்தால் ஐம்மூலைவிட்டம் தருகிறீர்கள் என்று நினைத்து, கடைசி நிரையான உங்கள் கீழ் மூலைவிட்டத்தையே முதன்மை என்று எடுத்துவிடும். அங்கே −1 கள் நின்றால் "நேர் நிச்சயமான தாயம் அல்ல" (அதாவது ஐகன் பெறுமானங்கள் எல்லாம் நேர் அல்ல) என்ற செய்தி வரும். தாயம் நேர் நிச்சயமானதுதான் என்று நீங்கள் கையால் நிறுவியிருப்பீர்கள், இருந்தும் செய்தி வரும். நிரைகளை எண்ணுங்கள்.

லாபேக்கை நேரடியாக அழைப்பவர்களுக்கு: பொதுப் பட்டைக் கட்டளையான டி-ஜி-பி-எஸ்-வி, மேலே கூடுதலாக வெறும் நிரைகள் கேட்கும். மொத்த நிரைகள் கீழ் எண்ணிக்கையின் இரு மடங்கு, கூட்டல் மேல் எண்ணிக்கை, கூட்டல் 1. மேலே உள்ள தாயத்துக்கு 4, நாம் எழுதியது 3. நிரை மாற்றும் போது மேல் பட்டை அகலமாகிறது, அதற்கு இடம் வேண்டும். 3 என்றே கொடுத்தால் தகவல் எண் −6 என்று திரும்பும். ஆறாவது உள்ளீடு பிழை என்று பொருள். சைபை இந்த இடத்தைத் தானே ஒதுக்கிக்கொள்கிறது.

ஐதான தாயம் அமைக்கும் எஸ்பி-டயாக்ஸ் கட்டளையிலும் இதே நிரல் ஒழுங்குதான். முழு நீளத்தில் எண்களைக் கொடுத்தால் மேல் மூலைவிட்டத்தில் முதல் எண் விழுந்துபோகும், கீழ் மூலைவிட்டத்தில் கடைசி எண் விழுந்துபோகும். சைபையின் டயாக்ஸ் கட்டளையோ சரியான நீளத்தையே கேட்கும். பெயரில் ஒற்றுமை, வழக்கத்தில் வேற்றுமை. இதைப் பார்த்துப் பார்த்து நடக்கவேண்டும்.

அறிகுறி: நேர்மாறு எடுத்தேன், பட்டை காணாமல் போய்விட்டது

பிழை இல்லை. பட்டைத் தாயத்தின் நேர்மாறு பொதுவாகப் பட்டையாக இராது. முதன்மையில் 2, இருபுறமும் −1 உள்ள 3×3 தாயத்தின் நேர்மாறு இது, எல்லாவற்றையும் 4 ஆல் வகுக்கவேண்டும்:

3 | 2 | 1
2 | 4 | 2
1 | 2 | 3

ஒரு பூச்சியமும் இல்லை. ஆகவே நேர்மாறு எடுக்காதீர்கள், தொகுதியைத் தீருங்கள். நிரை மாற்றாமல் கீழ் முக்கோணம், மேல் முக்கோணம் என்று காரணிப்படுத்தினால் இரண்டு காரணிகளும் பட்டைக்குள்ளேயே இருக்கும். மும்மூலைவிட்டத்துக்கு அவை இரண்டும் இருமூலைவிட்டம். 1000 தெரியாக் கணியங்களுக்கு முழுத் தாய நீக்கல் ஏறத்தாழ 67 கோடி கணிதச் செய்கைகள் கேட்கும், மும்மூலைவிட்ட நீக்கல் 8000 அளவில் முடிந்துவிடும். 10,000 தெரியாக் கணியங்கள் என்றால் முழுத் தாயத்தைச் சேமிக்கவே 800 மெகாபைட் வேண்டும், மூன்று மூலைவிட்டங்களுக்கு 240 கிலோபைட் போதும். பழைய மடிகணினி வைத்திருக்கும் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் ஒப்படை ஓடுமா நிற்குமா என்ற வித்தியாசம்.

அறிகுறி: தோமஸ் முறையில் (நிரை மாற்றாத மும்மூலைவிட்ட நீக்கல்) பூச்சியத்தால் வகுக்கிறது, முதன்மையில் பூச்சியமே இல்லை

1 | 1 | 0
1 | 1 | 1
0 | 1 | 1

துணிகோவை −1, ஆகவே நேர்மாறு உண்டு. ஆனால் முதல் நீக்கலிலேயே இரண்டாம் சுழலி, அதாவது அடுத்து வகுக்கப்போகும் மூலைவிட்ட எண், 1 − 1 = 0. மும்மூலைவிட்டம் என்ற பெயர் தோமஸ் முறைக்கு உத்தரவாதம் தருவதில்லை. அதைத் தருவது வேறு குணங்கள்: கண்டிப்பான மூலைவிட்ட ஆதிக்கம் (ஒவ்வொரு நிரையிலும் முதன்மை எண், குறியை விட்டுப் பார்த்தால், மற்றவற்றின் கூட்டுத்தொகையை விடப் பெரிது) அல்லது சமச்சீருடன் நேர் நிச்சயம். இரண்டும் இல்லாவிட்டால் நிரை மாற்றும் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

ஆதிக்கத்திலும் ஒரு சிக்கல். 2 உம் −1 உம் உள்ள பழகிய தாயத்தில் நடு நிரைகளில் 2 = 1 + 1. ஆகவே அது கண்டிப்பான மூலைவிட்ட ஆதிக்கம் அல்ல, தளர்ந்த ஆதிக்கம். "ஆதிக்கம் இல்லை, முறை செல்லாது" என்று எழுதிப் புள்ளி இழந்தவர்கள் உண்டு. அந்தத் தாயம் நேர் நிச்சயமானது; 3×3 இல் சுழலிகள் 2, 3/2, 4/3. தோமஸ் முறை நன்றாகவே ஓடும்.

அறிகுறி: ஒத்த ஒலிப் பெயர்களில் தடுமாற்றம்

மும்மூலைவிட்டமும் முக்கோணமும் வேறு. மும்மூலைவிட்டம் மூன்று கோடுகள், முக்கோணம் பாதித் தாயம்.

மூலைவிட்டத் தாயமும் மூலைவிட்டமாக்கக்கூடிய தாயமும் வேறு. முதலாவது இப்போதே அந்த வடிவில் இருக்கிறது. இரண்டாவதைப் பொருத்தமான அடித்தளம் எடுத்து அந்த வடிவுக்குக் கொண்டுவரலாம். முதல் நிரை 2, 1, இரண்டாம் நிரை 0, 3 என்ற தாயம் மூலைவிட்டம் அல்ல, ஆனால் ஆக்கலாம். முதல் நிரை 1, 1, இரண்டாம் நிரை 0, 1 என்பதை எப்படியும் ஆக்கமுடியாது.

டோப்பிளிட்ஸ் தாயம் என்பது இடத்தைப் பற்றியதே அல்ல, பெறுமானத்தைப் பற்றியது: ஒவ்வொரு மூலைவிட்டத்திலும் ஒரே எண் தொடரும். கணிதவியலாளர் ஓட்டோ டோப்பிளிட்ஸின் பெயர். அது நிரம்பியும் இருக்கலாம், பட்டையாகவும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தால் பெரிய வசதி. நம் 2, −1 தாயத்தின் ஐகன் பெறுமானங்களை எந்தப் பருமனுக்கும் கோசைனால் எழுதிவிடலாம். 3×3 க்கு 2 − √2, 2, 2 + √2.

ஹெசன்பர்க் வடிவம் ஐகன் பெறுமானம் கணிக்கும் முன் ஆயத்தமாகச் செய்வது. கார்ல் ஹெசன்பர்க் ஜெர்மனியர். மூலத் தாயம் சமச்சீராக இருந்து, செங்குத்து உருமாற்றத்தால் ஹெசன்பர்க் வடிவுக்குக் கொண்டுவந்தால் சமச்சீர் கெடாது. கீழே ஒன்றுக்கு மேல் இல்லை என்றால் மேலேயும் இல்லை. அதாவது விளைவு மும்மூலைவிட்டம். "ஹெசன்பர்க் கேட்டேன், மும்மூலைவிட்டம் வந்தது, கட்டளை பிழையா" என்ற கேள்விக்கு இதுதான் விடை.

அறிகுறி: தாயம் எதிர்பார்த்தேன், ஒற்றை வரிசை வந்தது

நம்பை (பைதன் மொழியின் வரிசை நூலகம்), மட்லாப் இரண்டிலும் டயாக் கட்டளைக்கு இரண்டு வேலை. வரிசை ஒன்றைக் கொடுத்தால் அதை மூலைவிட்டத்தில் வைத்துத் தாயம் தரும். தாயத்தைக் கொடுத்தால் மூலைவிட்டத்தை உருவி வரிசையாகத் தரும். தாயத்திலிருந்து மூலைவிட்டத் தாயம் வேண்டும் என்றால் கட்டளையை இருமுறை போடவேண்டும். கூடவே மூலைவிட்ட எண் கேட்டால் நாம் முதலில் செய்த கழித்தல்தான்: நேர் எண் மேலே, மறை எண் கீழே. 4 எண்களை மூலைவிட்டம் 1 இல் வைக்கச் சொன்னால் 5×5 தாயம் வரும், 4×4 இல்லை. பருமன் பொருந்தாத பிழைச் செய்திகளில் நிறைய இதனால்தான்.

அறிகுறி: நிரைகளை அளவிட நினைத்தேன், நிரல்கள் அளவிடப்பட்டன

மூலைவிட்டத் தாயத்தை இடப்பக்கம் வைத்துப் பெருக்கினால் நிரைகள் அளவிடப்படும், வலப்பக்கம் வைத்தால் நிரல்கள். நம்பையில் வரிசையையும் தாயத்தையும் உடுக்குறியால் பெருக்கினால் அது நிரல்களைத்தான் அளவிடும், வரிசை எந்தப் பக்கம் நின்றாலும். நிரைகள் வேண்டும் என்றால் வரிசையை முதலில் நிலைக்குத்தாக நிமிர்த்திவிட்டுப் பெருக்குங்கள். சதுரத் தாயத்தில் இந்தப் பிழை எந்தச் செய்தியும் காட்டாது. சோதிக்கும்போது 3×4 தாயம் ஒன்றை எடுத்தால் பருமன் முரண்பட்டு உடனே வெளியில் வரும்.